கறுத்துப் போனதெல்லாம் பழைய பூட்டு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் பழைய பொருள் சேகரிப்பதைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மரப்பாச்சி, பீங்கான் ஜாடி, கிராமபோன் பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் பூட்டைப் பற்றிய பத்தியைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், கறுத்துப் போயிருக்க வேண்டும், சாவி பெரிதாக இருக்க வேண்டும், இந்த மூன்றும் இருந்தால் அது 100 வருஷப் பூட்டு, தைரியமாக வாங்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றையும் ஒரே வாரத்தில் செய்துவிடலாம். செய்து விற்றுக்கொண்டும் இருக்கிறார்கள். உங்கள் பத்திரிகையை நம்பி யாராவது காசைக் கொட்டிவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திண்டுக்கல்காரன். 34 வருஷமாகப் பூட்டு ரிப்பேரும் சாவி போடுவதும்தான் தொழில். அப்பா நாகல்நகரில் ஒரு பட்டறையில் பூட்டு வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து லீவர் தகடுகளை, அதாவது சரியான சாவி தூக்கினால் மட்டும் பூட்டைத் திறக்க வழிவிடுகிற உள்தகடுகளை, அராவிக் கொடுத்த கை இது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பழனிக்குப் போகிற வழியில் ஒரு அம்மா கடைக்கு வந்தார். சென்னையில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பைக்குள்ளிருந்து துண்டில் சுற்றிய பூட்டை எடுத்து மேஜையில் வைத்து, "தம்பி, இது திறக்குது, ஆனா பூட்ட மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க" என்றார். பித்தளைப் பூட்டு. உள்ளங்கை அகலம், ஒன்றேகால் கிலோ இருக்கும். முன்பக்கத்தில் இரண்டு சிங்கம், நடுவில் ஒரு கேடயம், அதைச் சுற்றி இங்கிலீஷில் கிழக்கிந்தியக் கம்பெனி என்று எழுத்து, அதற்குக் கீழே 1882 என்று வருஷம். அமெரிக்காவில் இருக்கிற மகன் புது வீட்டுக்குக் குடிபோகிறானாம், அவனுக்குப் பரிசாக வாங்கியிருக்கிறார். செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றைப் பிரித்தபோது கிடைத்தது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். விலை 22,000 ரூபாய்.

நான் பூட்டை முதலில் திருப்பித்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் அதுதான் பழக்கம், ஏனென்றால் வேஷம் எல்லாம் முகத்தில்தான் போடுவார்கள். பின்தகட்டில் நாலு மூலையிலும் ஸ்க்ரூ, அதுவும் தலையில் கூட்டல் குறி மாதிரி வெட்டிய ஸ்டார் ஸ்க்ரூ. தலையில் கறுப்பு மை தடவி மறைத்திருந்தார்கள், நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகப் பளபளக்கிறது. ஸ்டார் ஸ்க்ரூ உலகத்துக்கு வந்ததே 1930களில், அமெரிக்காவில். 1882இல் செய்த பூட்டில் அது எப்படி வந்து உட்காரும்? "பின்தகட்டைக் கழற்றட்டுமா அம்மா" என்று கேட்டேன், சரி என்றார். கழற்றினேன். வெளியே கரிச்சட்டி மாதிரி கறுப்பு, உள்ளே நேற்று வார்த்த பித்தளையின் மஞ்சள். வார்ப்பு அச்சின் மணல் துகள்கூட இன்னும் உதிராமல் ஒட்டியிருந்தது. லீவர் ஒன்றுகூட இல்லை. புது ஸ்பிரிங் ஒன்று, அதன் நுனியில் ஒரு கொக்கி, அந்தக் கொக்கியும் வளையத்தின் வெட்டில் சரியாகப் போய் விழவில்லை. அவ்வளவுதான் மொத்தப் பூட்டும்.

வருஷத்தைப் பற்றியும் சொன்னேன். கம்பெனி ஆட்சி 1858லேயே முடிந்து ராணி கைக்குப் போய்விட்டது, கம்பெனியே 1874இல் கலைக்கப்பட்டுவிட்டது, அப்புறம் 8 வருஷம் கழித்து யார் அந்தப் பெயரைப் போட்டுப் பூட்டு அடித்திருப்பார்கள்? அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப இது பூட்டே இல்லையா தம்பி?" என்றார். எனக்கு அந்தக் கேள்வி இன்னும் மனசில் நிற்கிறது. பழசா புதுசா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் கையில் கொடுத்தது பூட்டே இல்லை, பூட்டு மாதிரி வார்த்த ஒரு பித்தளைக் கட்டி.

இனி எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் தேய்மானம். ஒரு பூட்டு 60, 70 வருஷம் ஒரு கதவில் தொங்கினால் அது எங்கெங்கே தேய வேண்டுமோ அங்கெல்லாம் தேய்ந்திருக்கும், தேயக் கூடாத இடத்தில் தேய்ந்திருக்காது. மேலே வளைந்திருக்கிற வளையத்தின் உள்பக்க உச்சியைப் பாருங்கள். நாதாங்கியில் தொங்கி உரசுகிற இடம் அதுதான். பழைய பூட்டில் அங்கே லேசாகப் பள்ளம் விழுந்து, விரலை வைத்தால் வழுவழு என்று இருக்கும். பிறகு சாவித் துவாரத்தை மூடுகிற சின்ன மூடி. அது தினமும் இப்படியும் அப்படியும் ஆடியிருக்கும். அதனால் அது ஆடுகிற வழியிலேயே பூட்டின் முகத்தில் பிறை மாதிரி ஒரு கோடு விழுந்திருக்கும், அதன் ரிவிட் தளர்ந்திருக்கும். சாவித் துவாரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கீறல்கள் இருக்கும், இருட்டில் சாவி போடத் தடவிய கைகள் போட்ட கீறல்கள் அவை. அடிவிளிம்பு கதவில் இடித்து இடித்து மழுங்கியிருக்கும். பின்பக்கம் மரத்தில் உரசி முன்பக்கத்தைவிட வழவழப்பாக இருக்கும். போலிப் பூட்டில் இந்தக் கணக்கு எதுவும் வராது. அரத்தையோ சங்கிலியையோ எடுத்து நாலு பக்கமும் ஒரே மாதிரி அடித்து வைத்திருப்பார்கள். பள்ளத்துக்குள்ளேயும் கீறல், மேட்டிலும் கீறல். வளையத்தின் உள்பக்கம் மட்டும் அச்சிலிருந்து வந்தபடியே இருக்கும், அங்கே கை வைக்க அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

அடுத்தது நிறம். கட்டுரையில் கறுத்திருக்க வேண்டும் என்று எழுதியதுதான் எனக்கு அதிகம் வருத்தம். நம் ஊர் வீடுகளில் பித்தளை என்றால் சும்மா விடுவார்களா? பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் குத்துவிளக்கு, குடம், கதவுக் குமிழ், பூட்டு எல்லாவற்றுக்கும் புளி போட்டுத் தேய்ப்பு உண்டு. உண்மையான பழைய வீட்டுப் பூட்டு பல நேரம் தங்கமாக மின்னும். நானே ஒரு தடவை தப்பு செய்திருக்கிறேன். ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி சாவி தொலைந்துபோச்சு என்று ஒரு பூட்டைக் கொண்டுவந்தார். அப்படி ஒரு பளபளப்பு. புதுசு என்று நினைத்து, இதற்குச் சாவி போடுகிற செலவுக்கு இன்னொன்றே வாங்கலாமே பாட்டி என்று சொல்லிவிட்டேன். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "என் மாமியார் காலத்துலருந்து நெல்லுக் குதிருக்குப் போட்ட பூட்டுடா இது" என்றார். வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். முகத்தில் இருந்த பூவேலை தேய்ந்து தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் தட்டுப்படுகிற அளவுக்கு வந்திருந்தது. அத்தனை வருஷப் புளி. சாவித் துவாரத்தின் ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வருஷா வருஷம் வைத்து வைத்துக் கல்லாக இறுகிப் போயிருந்தது, ஊசியால் குத்தினால் ஏடு ஏடாக வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே 6 லீவர், ஒவ்வொன்றும் கையால் அராவியது. அன்றைக்கு அந்தப் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சாவிக்குக் காசு வாங்காமல் அனுப்பினேன்.

அந்தச் சந்தனக் குங்குமத்தை எந்தப் போலிக்காரனும் செய்து நான் பார்த்ததில்லை. அவர்கள் செய்வதெல்லாம் ஆசிட் தடவுவது, உப்புத் தண்ணீர் தெளிப்பது, ஈர மண்ணில் புதைத்து வைப்பது. பித்தளையில் இயல்பாக ஏறுகிற களிம்பு பள்ளங்களில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும், கை படுகிற மேடுகளில் இருக்காது. ஆசிட்டில் வந்த பச்சை எல்லா இடத்திலும் பவுடர் மாதிரி பூத்திருக்கும், ஈரத்துணியால் துடைத்தால் துணியில் வரும். இரும்புக்கும் அதே கதைதான். பழந்துரு கருங்காப்பி நிறத்தில் இறுகியிருக்கும். புதுத் துரு செங்கல் நிறத்தில் விரலில் ஒட்டும். சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளைப் பூட்டு என்று விற்பதன் உடம்பில் காந்தம் ஒட்டினால், அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. ஆனால் வளையத்தில் மட்டும் ஒட்டினால் பயப்பட வேண்டாம். நல்ல பழைய பித்தளைப் பூட்டுகள் பலவற்றுக்கு வளையம் எஃகுதான், வெட்டினால் அறுபடக் கூடாது என்று அப்படிப் போடுவார்கள்.

வார்ப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரியாது. ஒரு நல்ல பழைய பூட்டைக் கொண்டுவந்து மண்ணில் அழுத்தி அச்செடுத்து அதில் பித்தளை ஊற்றினால், ஆறும்போது பித்தளை சுருங்கும். நூற்றுக்கு ஒன்றரை பங்கு சுருங்கும். அதாவது அசல் 100 மில்லிமீட்டர் இருந்தால் நகல் 98.5தான் வரும். அசல் ஒன்று கைவசம் இருந்தால் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தே சொல்லிவிடலாம். அசல் இல்லாதவர்கள் எழுத்தைப் பார்க்க வேண்டும். குத்துளி வைத்து அடித்த எழுத்துக்கு ஓரம் கூர்மையாக இருக்கும், அடித்த இடத்தில் உலோகம் லேசாகப் பிதுங்கி நிற்கும். அச்சில் வந்த எழுத்து சோப்பில் தேய்ந்த எழுத்து மாதிரி உருண்டு போயிருக்கும். சாவியையும் பாருங்கள். பழைய சாவியின் பல் அரத்தால் வெட்டியது, கோடு நேராக இருக்கும். போலிச் சாவியின் தண்டில் மேலும் கீழும் நீளவாக்கில் அச்சு சேர்ந்த வரம்பு ஒன்று ஓடும். விரலால் தடவினாலே தெரியும்.

அப்புறம் பெயரும் வருஷமும். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நான் பழகின வரையில் உண்மையான பழைய பூட்டுகளில் பெரிய எழுத்தில் வருஷம் போட்டிருப்பது அபூர்வம். செய்தவர் பெயர், ஊர், லீவர் எண்ணிக்கை, சிலவற்றில் காப்புரிமை எண், அவ்வளவுதான் இருக்கும். பெரிய கிரீடம், பெரிய சிங்கம், பெரிய வருஷம் மூன்றும் சேர்ந்து இருந்தாலே நான் சந்தேகப்படுவேன். இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ என்கிற பழைய கம்பெனியின் பெயர் பொறித்த பித்தளைப் பூட்டுகள், இங்கிலாந்தில் டைட்டானிக் கப்பலின் பெயரும் அதை ஓட்டிய ஒயிட் ஸ்டார் லைன் கம்பெனியின் பெயரும் போட்ட பூட்டுகள் என்று அங்கேயும் குவிந்து கிடக்கின்றன. அங்குள்ள சேகரிப்பாளர்கள் இவற்றை நகல் என்றுகூடச் சொல்வதில்லை, கற்பனைப் பூட்டு என்கிறார்கள், ஏனென்றால் நகல் என்றால் அசல் ஒன்று இருக்க வேண்டுமே. வி.ஆர். என்று விக்டோரியா ராணியின் எழுத்து இருந்தால் அந்தப் பூட்டு 1837க்கும் 1901க்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற வேலை அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமல் எழுத்தை மட்டும் நம்பக் கூடாது. மேட் இன் ஜெர்மனி என்று அடித்திருந்தால் அது 1887க்குப் பிறகு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டுச் சரக்கில் ஊர்ப் பெயர் போட வேண்டும் என்று அந்த வருஷம்தான் பிரிட்டனில் சட்டம் வந்தது. மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1949க்கு முன்னால் இருக்கவே முடியாது. ஒருவர் என்னிடம் மேட் இன் ஜெர்மனி பூட்டைக் காட்டி, எங்கள் மலைக்கோட்டையில் திப்பு சுல்தான் காலத்தில் போட்டிருந்தது என்று சொன்னார். திப்பு 1799இல் இறந்துவிட்டார்.

உள்வேலையை வைத்துக் காலம் சொல்வது இன்னும் உறுதியானது. லீவர் பூட்டுக்கு ராபர்ட் பேரன் என்பவர் இங்கிலாந்தில் 1778இல் காப்புரிமை வாங்கினார். யாராவது கள்ளச்சாவி போட்டுப் பார்த்தால் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஜெரமையா சப் 1818இல் அதை மேம்படுத்தினார். இப்போது நாம் வீட்டுக்கு வீடு வைத்திருக்கிற, ஒரு பக்கம் ரம்பம் மாதிரி வெட்டிய தட்டைச் சாவியும் அதன் வெட்டுகளில் வந்து உட்காரும் பூட்டின் பின்களும் லைனஸ் யேல் 1860களில் கொண்டுவந்தது. தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ரிவிட் அடித்த பூட்டு அமெரிக்காவில் 1920களில் வந்தது. ஆக, தட்டைச் சாவி போட்ட பூட்டை ஒருவர் 250 வருஷம் என்று சொன்னால் மேலே கேட்கவே வேண்டாம். இதெல்லாம் எங்கேயோ நடந்த கதை என்று நினைக்காதீர்கள், 1851இல் லண்டன் பெரும் பொருட்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்கிற அமெரிக்கர், யாராலும் திறக்க முடியாது என்று பேர் வாங்கியிருந்த பிராமா பூட்டை 50 மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டித் திறந்த கதையை என் அப்பா வேலை ஓடும்போது சொல்லிக்கொண்டே இருப்பார், அந்தப் பட்டறையில் எல்லாருக்கும் அது தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பூட்டில் புதுச் சாவி இருப்பது குற்றம் இல்லை. சாவி தொலையும், வேறு போடுவார்கள். ஸ்பிரிங் உடையும், மாற்றுவார்கள். ஒரு ரிவிட் புதிதாக இருக்கலாம். ரிப்பேர் பார்த்த பூட்டு என்றால் அது உழைத்த பூட்டு என்று அர்த்தம். நான் தேடுவது, மொத்தமும் ஒரே வயசில் இருக்கிறதா என்பதைத்தான். போலியில் ஒவ்வொரு பாகமும் ஒரே நாளில் பிறந்திருக்கும். உண்மையான பழசில் உடம்புக்கு ஒரு வயசு, சாவிக்கு ஒரு வயசு, வளையத்துக்கு ஒரு வயசு என்று இருந்தாலும் இருக்கும்.

இனி எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மேலே சொன்ன சோதனை எல்லாவற்றையும் தாண்டி வந்துவிடக்கூடிய பூட்டு ஒன்று இருக்கிறது. அது எங்கள் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. ஏனென்றால் அதை இன்றைக்கும் பழைய முறையில்தான் செய்கிறார்கள். நாகல்நகரிலும் நல்லாம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலும் மிச்சம் இருக்கிற பட்டறைகளில் தகட்டை வெட்டி, வளைத்து, லீவரை ஒவ்வொன்றாக அராவி, சாவியைக் கையால் வெட்டி, ரிவிட் அடித்து முடிக்கிறார்கள். ஒரு பூட்டின் சாவி இன்னொரு பூட்டுக்குச் சேராது. வார்ப்பு மணல் இருக்காது, ஸ்டார் ஸ்க்ரூ இருக்காது, அரத்தின் கோடு இருக்கும், லீவர் இருக்கும், எல்லாம் உண்மை. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கொடுத்தார்கள். அந்த உண்மையான வேலையைச் சில வியாபாரிகள் இங்கே வந்து மொத்தமாக வாங்கிப் போய், ஆசிட்டில் முக்கி, மண்ணில் புதைத்து, 100 வருஷத்துப் பூட்டு என்று விற்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், 70 வயசுக்கு மேல், ஒரு பெரிய மாங்காய்ப் பூட்டை முடிக்க இரண்டு நாள் ஆகும். அதற்கு அவருக்குக் கிடைத்தது 900 ரூபாய். அதே பூட்டு வேறொரு ஊரில் கண்ணாடிப் பெட்டிக்குள் 14,000 ரூபாய்க்கு இருந்ததை என் மகன் போட்டோ எடுத்து வந்து காட்டினான். அவரிடம் காட்டினோம். சாவிப் பல்லில் அவர் வழக்கமாகப் போடுகிற ஒரு சின்னச் சரிவு இருக்கும், அதைப் பார்த்துத் தன் வேலைதான் என்று சொன்னார். பிறகு, "நான் செஞ்சதுன்னு சொன்னா யாரும் வாங்க மாட்டாங்க, நான் செத்து 100 வருஷம் ஆச்சுன்னு சொன்னாத்தான் வாங்குறாங்க" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வாங்கினவர் ஏமாந்தார் என்று மட்டும்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். செய்தவர் ஏமாந்ததை யார் எழுதுவது? அந்த மனுஷன் உயிரோடு இருக்கிறார், பட்டறையில் உட்கார்ந்திருக்கிறார், அவர் கை வேலைக்கு அவர் பெயரை அழித்துவிட்டு, இல்லாத ஒரு தாத்தாவின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். வருஷா வருஷம் பட்டறைகள் மூடிக்கொண்டு வருகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. பிள்ளைகள் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை. 900 ரூபாய்க்கு எப்படி வருவார்கள்?

வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, பில் கேளுங்கள். பில்லில் வெறுமனே பித்தளைப் பூட்டு 1 என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சுமாராக எந்தக் காலம், எந்த ஊரில் செய்தது, எந்தப் பாகம் மாற்றியது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் 150 வருஷம் என்று சொன்னவர் பேனாவை எடுக்கத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. சட்டமும் இருக்கிறது. தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டம், 1972. 100 வருஷத்துக்குக் குறையாத பழமை உள்ள கைவேலைப் பொருள் தொல்பொருள் கணக்கில் வரும், அந்தச் சட்டப்படி தொல்பொருள் வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும், தனி ஆள் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அந்த டீச்சரம்மாவிடம் கடைக்காரர், "கவலைப்படாதீங்க, நாங்களே அமெரிக்காவுக்குக் கூரியர் பண்ணிடுறோம்" என்று சொன்னாராம். பூட்டு உண்மையிலேயே 1882ஐச் சேர்ந்தது என்றால் அதை அப்படி அனுப்பவே கூடாது. அனுப்புகிறேன் என்று ஒருவர் சாதாரணமாகச் சொல்கிறார் என்றால், ஒன்று அது புதுசு என்று அவருக்கே தெரியும், இல்லை சட்டத்தை மீறத் தயாராக இருக்கிறார். இரண்டில் எதுவானாலும் அவரிடம் வாங்கக் கூடாது.

எல்லாக் கடைக்காரரையும் சொல்லவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பலமுறை போயிருக்கிறேன். ஒரு பூட்டைக் கையில் எடுத்ததுமே, "இது புதுசுங்க, அலங்காரத்துக்கு வாங்குறதுன்னா வாங்கிக்குங்க" என்று தானாகச் சொன்னவரை அங்கே பார்த்திருக்கிறேன். அப்படிச் சொல்லி விற்பதில் என்ன தப்பு? பழைய மாதிரியில் செய்த புதுப் பூட்டு அழகான பொருள்தான், சுவரில் மாட்டலாம், பரிசு கொடுக்கலாம். வயசைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

பட்டறைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பின்தகட்டின் உள்பக்கத்தில் உங்கள் பெயரின் முதல் எழுத்தையும் வருஷத்தையும் குத்துளியால் அடித்துவிடுங்கள். நாலு அடி, அரை நிமிஷ வேலை. வெளியே அடித்தால் அராவி அழித்துவிடுவார்கள், உள்ளே அடித்தால் ரிவிட்டைப் பிரிக்காமல் கை வைக்க முடியாது. என் அப்பா லீவர் வரிசை மாறக் கூடாது என்று ஒவ்வொரு லீவரிலும் புள்ளி அடிப்பார், முதலாவதற்கு ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு. 40 வருஷம் கழித்து ஒரு கோடவுன் பூட்டு ரிப்பேருக்கு வந்தபோது அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் அது அவர் செய்தது என்று கண்டுபிடித்தேன். அந்தப் புள்ளி மட்டும் இல்லையென்றால் எனக்கே தெரிந்திருக்காது. மேலே சொன்ன பெரியவர் இப்போது அடிக்க ஆரம்பித்துவிட்டார். டீச்சரம்மா மகனுக்காக அவரிடமே ஒரு 8 லீவர் மாங்காய்ப் பூட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனார், அதில்தான் முதல் முத்திரை. புதுசு என்று சொல்லியே அனுப்பலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

உங்களிடம் நான் கேட்பது, அந்தக் கட்டுரையில் இருந்த மூன்று அடையாளமும் தவறு என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். அடுத்த தடவை இப்படி எழுதும்போது உங்கள் நிருபரை ஒரு நாள் திண்டுக்கல்லுக்கு அனுப்புங்கள், நானே பட்டறை பட்டறையாகக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இன்னொன்று, வீட்டில் உண்மையிலேயே தாத்தா காலத்துப் பூட்டு வைத்திருப்பவர்களுக்காக. இறுகிப் போனால் தேங்காயெண்ணெய் விடாதீர்கள், கொஞ்ச நாளில் அது பிசினாகி லீவரை இன்னும் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு நாள் அப்படியே தலைகீழாகத் தொங்கவிடுங்கள், அழுக்கு இறங்கிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியில் தடவிப் போட்டுப் போட்டு எடுங்கள். அதற்கும் திரும்பவில்லை என்றால் பலம் போட்டுத் திருகாதீர்கள், சாவிப் பல் முறிந்துவிடும், பூட்டு வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
பூட்டு ரிப்பேர் செய்யும் உங்கள் வாசகர்,
திண்டுக்கல்.